சுடலைக்கு எது வேலி: பொலிஸா, பிரதேச சபையா, நீதிமன்றமா?

போன மாரி ஓய்ந்து புல் காயத் தொடங்கிய நேரம். ஒரு காடாத்துக்குப் போனவர்கள்தான் முதலில் கண்டார்கள். மூன்று சமாதிகள் உடைந்து கிடந்தன. ஒன்றில் பதித்திருந்த, படம் போட்ட மாபிள் தகட்டைக் காணவில்லை. வாசலில் நட்டிருந்த வைரவர் சூலம் வளைந்து மண்ணில் குத்தி நின்றது. தெற்குப் பக்கம் டிப்பர் சில்லுத் தடம். மணல் வழித்தெடுத்த பள்ளம் இடுப்பளவு. கிழக்கே, பக்கத்துக் காணிக்காரரின் முட்கம்பி வேலி போன வருடம் நின்ற இடத்தில் இல்லை. நாலு பாகம் உள்ளே வந்திருந்தது.

எங்கள் ஊர் ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில். அன்று பின்னேரமே வாசிகசாலையில் கூட்டம் கூடியது. பெடியள் பொலிஸுக்குப் போவோம் என்றார்கள். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், பிரதேச சபைக்கு எழுதிக் கொடுத்துவிடுவோம் என்றார். வழக்குப் போடச் சொன்னவரும் இருந்தார். தொல்லியல் திணைக்களத்திடம் சொன்னால் ஒருத்தனும் கிட்ட வரமாட்டான் என்று இன்னொருவர். தலைவர் பெரியப்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, நீதானே செயலாளர். எது எதுக்கு உதவும் எண்டு விசாரிச்சுக்கொண்டு வா. அதுக்குப் பிறகு சண்டை பிடிப்பம்" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

மூன்று மாதம் அலைந்தேன். நான் சட்டத்தரணி இல்லை. வவுனியாவில் சட்டத்தரணியாக இருக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒருவரின் பொறுமையில்தான் பாதி விளங்கியது. வன்னியில் எங்களைப் போலத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும் மயானச் சங்கங்கள் நிறைய இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் புரிந்தது இது: எங்கள் சுடலைக்கு வந்தது ஒரு வியாதி அல்ல, மூன்று. சமாதி உடைத்தவன் வேறு, மணல் அள்ளியவன் வேறு, வேலி நகர்த்தியவர் வேறு. கூட்டத்தில் நாங்கள் சண்டை பிடித்ததே மூன்றுக்கும் ஒரே மருந்து தேடியதால்தான்.

பொலிஸில் இருந்து தொடங்குகிறேன். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. அதில் மதம் தொடர்பான குற்றங்களுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. 292ஆம் பிரிவு நேரடியாக எங்கள் விடயத்தைப் பேசுகிறது: புதைக்கும் இடத்திலோ ஈமக்கிரியைக்கென ஒதுக்கிய இடத்திலோ அத்துமீறி நுழைவது, பிரேதத்தை அவமதிப்பது, செத்தவீட்டுக் கிரியைக்குக் கூடியவர்களைக் குழப்புவது. இவற்றுக்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். 290ஆம் பிரிவு வணக்கத்தலங்களையும் ஒரு சாரார் புனிதமாகக் கருதும் பொருட்களையும் சேதப்படுத்துவது பற்றியது. அதற்கு இரண்டு வருடம் வரை. ஆகவே முறைப்பாட்டில் "சமாதி உடைக்கப்பட்டது" என்று மட்டும் எழுதி விட்டுவிடாமல், சூலம் வளைக்கப்பட்டதைத் தனியாக எழுதுங்கள். நாங்கள் முதல் தடவை எழுதாமல் விட்டோம்.

292இல் ஒரு முடிச்சு இருக்கிறது. அத்துமீறினான் என்று காட்டினால் போதாது. பிறர் மனதைப் புண்படுத்தும் அல்லது மதத்தை அவமதிக்கும் நோக்கம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புண்படும் என்று அவனுக்குத் தெரிந்தாவது இருக்க வேண்டும். "பற்றை மண்டிய காடு, சுடலை என்று எனக்குத் தெரியாது" என்று ஒருவன் சொன்னால் என்ன செய்வது? உண்மையில் எங்கள் சுடலையைப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தோன்றியிருக்கும். வாசலில் ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. மூன்று மொழியிலும் "இந்து மயானம்" என்று எழுதிய ஒரு தகரப் பலகை இருந்திருந்தால், தெரியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் பார்த்த சட்டப் பாதுகாப்புகளில் ஆக மலிவானது அந்தப் பலகைதான்.

முறைப்பாடு கொடுக்கப் போனபோது அங்கே கேட்ட முதல் கேள்வி, "காணி ஆருடையது? பத்திரம் இருக்கா?" என்பது. இல்லை என்றதும் கொப்பி மூடப்பட்டது. இரண்டாம் முறை போய்த்தான் பதிந்தோம். அதுவும் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வையுங்கள் என்றார்கள். தமிழில் முறைப்பாடு செய்வது எங்கள் உரிமை. வாதாடிக் களைப்பதைவிட, தமிழில் எழுதிய கடிதத்தைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வருவது சுகம்.

ஆக, பொலிஸ் முறைப்பாடு எதற்கு நல்லது? ஆளைத் தெரிந்தால், அல்லது அடுத்த முறை பிடிபட்டால், முன்பே நடந்தது என்று காட்டுவதற்கு. நகர்ந்த வேலியை அது திரும்ப நகர்த்தாது. உடைந்த சமாதியைக் கட்டியும் தராது.

டிப்பர்காரருக்கு 292ஐ விட வேறு சட்டம் நன்றாகக் கடிக்கும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனிப்பொருட்கள் சட்டத்தின்படி உத்தரவுப்பத்திரம் இல்லாமல் மணலோ கிரவலோ அகழக் கூடாது. ஏற்றிப் போவதற்கும் அனுமதி வேண்டும். மனதைப் புண்படுத்தும் நோக்கம் இருந்ததா என்று இங்கே யாரும் கேட்கப் போவதில்லை. பத்திரம் இல்லையென்றால் வாகனம் பிடிபட்டு நீதிமன்றத்துக்குப் போகும். டிப்பர் முதலாளிக்கு ஒரு வருடச் சிறை என்பது தூரத்துப் பேச்சு; டிப்பர் மூன்று கிழமை நிலையத்தில் நிற்பதுதான் வலி. அதனால் மணல் விடயத்தைத் தனி முறைப்பாடாக, நேரம், திசை, வாகன இலக்கம் தெரிந்தால் அதையும் போட்டுக் கொடுப்பது நல்லது.

மணல் பள்ளம் பற்றிப் பேசும்போது வன்னியில் இன்னொன்றையும் பேசாமல் போக முடியாது. பள்ளத்தில் எலும்பு தெரிந்தால்?

எங்கள் பள்ளத்தில் தெரிந்தது. ஒரு கை எலும்பு. பெடியள் அதை எடுத்து ஒரு துணியில் சுற்றி வேறிடத்தில் புதைத்துவிடலாம் என்று நின்றார்கள். நல்ல மனதோடுதான். பெரியப்புதான் தடுத்தார். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய கானில் எலும்புகள் வந்ததையும், 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்ததையும் எங்கள் பக்கத்தில் அறியாதவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025 தொடக்கத்தில் தகன மேடைக்கு அத்திவாரம் வெட்டப் போய்த்தான் எலும்புகள் வெளிவந்தன. அந்த வருடம் செப்டெம்பரில் எண்ணிக்கை 240ஐத் தொட்டது. அது பதிவான, பாவனையில் உள்ள ஒரு மயானம். ஆனாலும் அங்கே கிடந்தவர்கள் முறையாகப் புதைக்கப்பட்டவர்கள் அல்ல.

1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ், சந்தேகமான மரணம் என்றால் தோண்டி எடுக்க உத்தரவிடும் அதிகாரம் நீதவானுக்குத்தான். சட்ட வைத்திய அதிகாரி வர வேண்டும். சங்கத்துக்கு அதில் செய்ய இருப்பது ஒன்றுதான்: தொடாமல் மூடி வைத்து, படம் எடுத்து, அறிவிப்பது. காணாமல் போன பிள்ளையைப் பதினைந்து வருடத்துக்கு மேல் தேடும் ஒரு தாய்க்கு அந்த எலும்பு கிடந்த நிலையே சாட்சி. நாங்கள் துப்புரவு செய்கிறோம் என்று அதை அழித்துவிடக் கூடாது. எங்கள் எலும்பு பழைய புதைகுழி ஒன்றினது என்று பிறகு தெரியவந்தது. எந்தக் குடும்பத்தது என்றும் தெரிந்தது. அது எப்படித் தெரிந்தது என்றால், பழைய தலைவர் ஒருவர் யார் யாரை எங்கே வைத்தார்கள் என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். இடப்பெயர்வுகளில் எல்லாவற்றையும் விட்டு ஓடியவர் அந்தக் கொப்பியை மட்டும் கொண்டுபோயிருக்கிறார்.

அந்தக் கொப்பியின் பெறுமதி மன்னாரை நினைத்தால் இன்னும் விளங்கும். 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரம் பகுதியில், அதுவும் குழாய்க்கு வெட்டிய கானில்தான், புதைகுழி வெளிப்பட்டது. எண்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். உடனே எழுந்த விவாதம், அது பழைய மயானமா இல்லையா என்பது. அங்கே ஒரு வரைபடமும் பதிவேடும் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு ஒரே நாளில் பதில் கிடைத்திருக்கும். மயானம் எது என்று எழுதி வைக்காத ஊரில், மயானம் அல்லாததையும் மயானம் என்று சொல்லிவிடலாம்.

சரி, வேலி.

1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு வன்னியில் காணித் தகராறு உள்ள எல்லோருக்கும் தெரிந்த இலக்கம். "அறுபத்தாறு போட்டிருக்கு" என்பார்கள். சமாதானம் குலையும் என்ற நிலை இருந்தால் பொலிஸார் போடலாம், பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாகவும் போடலாம். சத்தியக்கடதாசிகளை வைத்து விரைவாக முடியும். காணி யாருக்குச் சொந்தம் என்று அது தீர்ப்பதில்லை. யார் ஆட்சியில் இருந்தார் என்றுதான் பார்க்கும். வழியுரிமைத் தகராறுகளும் இதற்குள் வரும் என்பதால், சுடலைக்குப் பாடை போகும் ஒழுங்கையை மறித்தாலும் இது உதவும்.

ஆனால் ஒரு நாட்கணக்கு இருக்கிறது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் திரும்ப ஆட்சி கேட்பதென்றால், அது வழக்குத் தாக்கலுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். சுடலைக்கு நாங்கள் தினமும் போவதில்லை. யாராவது செத்தால்தான் போவோம். மாரியில் ஆறு மாதம் ஒருவரும் சாகாமல் இருந்தால் (சந்தோசமான விடயம்தான்) வேலி நகர்ந்தது தெரிய வரும்போது இரண்டு மாதம் எப்போதோ கழிந்திருக்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. மாதம் ஒரு தடவை நாலு மூலையையும் திகதி விழும்படி படம் எடுத்து வைக்கும் சங்கத்துக்கு 66 நல்ல ஆயுதம். எங்களைப் போன்றவர்களுக்கு அது பிந்திய ஆயுதம்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. வேலி நகர்த்தியவர் ஊரில் பாதிப் பேருக்குச் சம்பந்தி. அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தால் அடுத்த செத்தவீட்டில் யார் யாருக்குப் பக்கத்தில் இருப்பது? 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபை இந்த மாதிரி இடத்துக்குத்தான். செலவில்லை, சட்டத்தரணி வேண்டாம், ஞாயிறோ சனியோ பள்ளிக்கூடத்தில் இருந்து பேசலாம். இணக்கம் வந்தால் எழுதிக் கையெழுத்து. வராவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் தருவார்கள். ஆனால் அங்கேயும் முதல் கேள்வி அதேதான்: "உங்கட எல்லை எது? பிளான் இருக்கா?"

அங்கேயும் அதே கேள்வி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனாலும் வாசலில் கேட்பது, இது மயானம்தான் என்று எங்கே எழுதியிருக்கிறது என்பதை. நாங்கள் வேலிக்கு முதல் அத்திவாரத்தையே போடவில்லை.

மன்னாரில் ஒரு கத்தோலிக்கச் சிநேகிதரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். சேமக்காலைக்கு இந்தப் பிரச்சினை குறைவு, காணி பங்கின் பெயரிலோ மறைமாவட்டத்தின் பெயரிலோ இருக்கும், கேட்க ஒரு சுவாமி இருப்பார். முஸ்லிம்களின் மையவாடிக்கும் ஒரு பிடி உண்டு: 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம். பள்ளிவாசலும் அதன் சொத்துகளும் பதிவானால் அவற்றைக் காக்க நம்பிக்கையாளர்கள் இருப்பார்கள், தகராறு வந்தால் வக்பு நியாய சபை இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் இருபது வருடம் கழித்துத் திரும்பியபோது மையவாடிகள் காடாகிக் கிடந்தன; ஆனாலும் பள்ளிவாசலின் பெயரில் பதிவு இருந்த இடத்தில் பேச ஒரு நுனி இருந்தது. சுடலைக்குத்தான் சொந்தக்காரர் என்று ஒருவருமில்லை. கோயிலோடு சேர்க்கவும் மாட்டோம், தீட்டு. எல்லோருக்கும் கடைசியில் வேண்டிய இடம், அதுவரை ஒருவருக்கும் வேண்டாத இடம்.

அப்படியானால் யார் பெயரில் எழுதுவது? இங்கேதான் உண்மையான தெரிவு இருக்கிறது. எங்கள் கூட்டம் மூன்று தடவை உடைந்ததும் இதில்தான்.

ஒன்று, பிரதேச சபை. மயானங்கள் இடுகாடுகள் பற்றிய கட்டளைச்சட்டம் 1899ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். பிரதேச சபைகள் சட்டம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம். இவற்றின்படி மயானத்தைப் பராமரிப்பது, ஒழுங்குபடுத்துவது, துணைவிதி இயற்றுவது எல்லாம் சபையின் வேலை. அதே 1987இல் வந்த 13ஆவது திருத்தம் இடுகாடு, சுடுகாடு விடயத்தை மாகாண சபைப் பட்டியலில் சேர்த்தது. வடக்கு மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்து போனது, பிறகு தேர்தலே இல்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை உறுப்பினர்கள் இல்லாமல் கிடந்தன. இப்போது வட்டார உறுப்பினர் இருக்கிறார், கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டலாம். அது ஒரு நல்ல காலம்.

சபையிடம் கொடுத்தால் மதில், கொட்டகை, லைட், ஒழுங்கைக்குக் கிரவல் என்று கேட்க உரிமை வரும். சபையின் பதிவேட்டில் ஏறினால் பொலிஸில் அந்த முதல் கேள்வி விழாது. அத்தோடு அரச சொத்துக்குச் சேதம் விளைவித்தால் 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் மீதான குற்றங்கள் சட்டம் இருக்கிறது. அதில் பிணை எடுப்பதே கஷ்டம். தனியார் கட்டிய சமாதிக்கு அது பொருந்துமா என்பது வேறு கதை. அரசு அல்லது சபை போட்ட மதில், கொட்டகை, நிலம் என்றால் பேசிப் பார்க்கலாம் என்றார் எங்கள் சட்டத்தரணிப் பிள்ளை.

கூட்டத்தில் எதிர்ப்பு வந்தது. கட்டணம் கேட்பார்கள், அனுமதிக்கு அலைய வேண்டும், அரசியல் புகுந்துவிடும் என்றார்கள். எல்லாம் நியாயமான பயங்கள். ஆனால் சொல்லாமல் விட்ட ஒரு பயமும் அறைக்குள் இருந்தது. சபையின் பொது மயானம் என்றால் எல்லோருக்கும் பொது. இன்னார் மட்டும் இந்தப் பக்கம், இன்னார் அந்தப் பக்கம் என்ற பழைய ஒழுங்கு சட்டத்தின் முன் நிற்காது. எனக்கு அது சபையிடம் கொடுப்பதற்கான காரணமாகத்தான் தெரிந்தது. அப்படிச் சொன்னேன். இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். ஒருவர் அடுத்த கூட்டத்துக்கு வந்தார்.

இரண்டாவது தெரிவு, தருமசாதனம், அதாவது காணியைப் பொதுத் தருமத்துக்கென எழுதிக் கொடுக்கும் உறுதி. காணி ஒரு தனியாருடையதாக இருந்து, அவரோ பிள்ளைகளோ எழுதித் தரத் தயார் என்றால் நொத்தாரிசு முன் தருமசாதனம் முடித்து, சங்கத்தை நம்பிக்கைப் பொறுப்பாளராக வைக்கலாம். ஊரின் கையிலேயே இருக்கும். ஆனால் சங்கம் உயிரோடு இருந்தால்தான். தனியார் காணியில் ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல் இருந்தால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். சங்கம் தூங்கினால் வேலி சட்டப்படியே நகர்ந்துவிடும். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் காணிகளில் ஒரு கையெழுத்துக்காகவே வருடங்கள் போகும்.

மூன்றாவது, அரச காணியாக இருந்தால் பிரதேச செயலாளர் ஊடாக மயானத்துக்கென ஒதுக்கீடு செய்விப்பது. இதில் பலம் என்னவென்றால், அரச காணியில் பத்து வருட ஆட்சி செல்லாது. அத்துமீறியவரை எழுப்ப 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமையை மீளப்பெறல்) சட்டம் இருக்கிறது. வெளியேறச் சொல்லி ஆகக் குறைந்தது 30 நாள் அறிவித்தல், போகாவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே அவர் காட்ட வேண்டியது அரசு தந்த செல்லுபடியாகும் உத்தரவுப் பத்திரம் ஒன்றைத்தான். வேறு கதை எடுபடாது. 66 போலில்லாமல் இதற்கு இரண்டு மாதக் கணக்கும் இல்லை. ஆனால் கையெழுத்து வைக்க வேண்டியவர் அதிகாரி. அவருக்கு மனம் வர வேண்டும். அரசு தருவதை அரசே எடுக்கலாம் என்ற பயமும் எங்கள் ஆட்களுக்கு உண்டு. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். 2025 மார்ச் 28 வர்த்தமானி வடக்கில் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் ஏக்கர் அளவு காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாக்கப்படும் என்றபோது, அதில் கணிசமான பங்கு முல்லைத்தீவில் இருந்தது. எதிர்ப்பாலும் நீதிமன்றத் தடையாலும் பிறகு அது மீளப்பெறப்பட்டது. அந்த மூன்று மாதத்தில் வீட்டுக் காணிக்குப் பத்திரம் தேடி ஓடியவர்களில் ஒருவராவது சுடலையை நினைத்தார்களா? நான் நினைக்கவில்லை.

நான்காவது, தொல்லியல். இது பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச்சட்டம் கடுமையான சட்டம்தான், தண்டனை பெரிது. ஆனால் அந்தக் கடுமை எங்களையும் பிடிக்கும். அறிவித்த இடத்தில் ஒரு குழி வெட்டவும் அனுமதி கேட்க வேண்டும். செத்தவரை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்தில் போய் நிற்பது? தொல்லியல் பெயரில் தகராறு நடக்கும் குருந்தூர்மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் இந்தத் தெரிவை முன்வைத்தவர், இரண்டாம் கூட்டத்தில் தானே கைவிட்டார்.

இதுவரை பேசியது, சேதம் செய்தவன் தனியாளாக இருக்கும்போது. செய்தது அரசே என்றால் இந்தத் தெரிவுகள் பாதி உதிர்ந்துவிடும். போராளிகளின் கல்லறைகள் இருந்த கிளிநொச்சி கனகபுரம் துயிலும் இல்லம் போருக்குப் பின் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. யாழ்ப்பாணம் கோப்பாயில் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் 2011இல் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. தங்கள் பிள்ளையின் கல்லறை எங்கே இருந்தது என்று தெரியாத தாய்மார் அங்கே இருந்தார்கள். 2016 நவம்பரில் கனகபுரத்தில் மக்களே துப்புரவு செய்து, உடைந்த கற்களைக் குவித்து வைத்து விளக்கேற்றினார்கள். அதற்குப் பிறகும் 2020இல் பல நீதவான் நீதிமன்றங்களில் நினைவேந்தலுக்கு எதிராகத் தடை உத்தரவுகள் கேட்கப்பட்டன. 2021 மே மாதம் முள்ளிவாய்க்காலில் நினைவுச் சின்னம் இரவோடு இரவாக உடைக்கப்பட்டது. இங்கெல்லாம் "பொலிஸில் முறைப்பாடு" என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அரசின் செயலுக்கு எதிராக இருப்பது கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு. மதத்தை அனுசரிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் தருகின்றன. கால எல்லை ஒரு மாதம். அதற்குள் வவுனியாவில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுப் பிராந்திய அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் கழியாது. இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கொழும்புக்கு பஸ் ஏறக் காசு சேர்க்கவே எங்களுக்கு ஒரு மாதம் போதாது. வன இலாகா எல்லைக் கல்லுப் போட்டாலும், திணைக்களம் ஏதும் வேலி போட்டாலும் இதே வழிதான்.

உத்தரவு கிடைத்தால் எல்லாம் சரியா? 2019 செப்டெம்பரில் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவில் என்ன நடந்தது என்று முல்லைத்தீவில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பௌத்த பிக்குவின் பிரேதத்தை வேறிடத்தில் எரிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியும் தீர்த்தக் கேணிக்குப் பக்கத்தில் எரித்தார்கள். கேள்வி கேட்ட சட்டத்தரணி தாக்கப்பட்டார். அதன் பிறகு நான் எந்த உத்தரவையும் வேலி என்று நம்புவதில்லை. ஆனாலும் அன்று அந்த உத்தரவு இருந்ததால்தான் நடந்தது அநியாயம் என்று இன்றுவரை பெயர் சொல்லிப் பேச முடிகிறது.

எங்கள் முடிவுக்கு வருகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் இரண்டு விண்ணப்பம் போட்டோம். எங்கள் சுடலை மயானமாகப் பதியப்பட்டிருக்கிறதா, பழைய வரைபடத்தில் இருக்கிறதா என்று. 14 வேலை நாளுக்குள் பதில் முடிவு தர வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம். கொஞ்சம் பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது. காணி அரச காணி. பழைய கிராம வரைபடத்தில் சிறிய குறி ஒன்றோடு எங்கள் சுடலை இருக்கிறது. எங்களுக்கு மட்டும்தான் அது தெரியாமல் இருந்திருக்கிறது. ஒதுக்கீடு பிரதேச செயலாளர் ஊடாக, பராமரிப்பு பிரதேச சபை, பதிவேட்டுக் கொப்பி மட்டும் சங்கத்தின் கையில் என்று கடைசிக் கூட்டத்தில் தீர்ந்தது. சம்பந்தியாருடன் மத்தியஸ்த சபையில் பேசுவது. மணலுக்குத் தனி முறைப்பாடு. சமாதி உடைத்தவனுக்கு 292, ஆள் தெரிந்தால்.

பெயர்ப்பலகை அடித்தாயிற்று. சிங்கள எழுத்தை ஒரு சிங்கள ஆசிரியை பார்த்துத் திருத்தித் தந்தார். நில அளவையாளர் கேட்ட கூலி ஒரு நல்ல எருமை மாட்டு விலை. வெளிநாட்டில் இருப்பவர்கள் பாதி போட்டிருக்கிறார்கள். வருகிற புதன் காலை ஏழு மணிக்கு அளக்க வருகிறார். வடக்கு மூலையில் பாலை மரத்தைச் சுற்றி ஈச்சம் பற்றை ஆள் உயரம். அதை வெட்டி வழி விட்டால்தான் அவரால் கோடு பிடிக்க முடியும். சம்பந்தியாரும் கத்தியோடு வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். பார்ப்போம்.